புது வால்வுக்குப் பொட்டு

ஆயுத பூஜை, 1981. இரவு.

மரகதம் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நாளை வண்டியூரில் கச்சேரி. என் கிடார் ஆம்ப்ளிஃபயரோ தகரத்தைச் சுரண்டுவது போலக் கத்தியது. ரேடியோ கடையில் புது வால்வுகள், அந்தக் கண்ணாடிக் குழல்கள், வாங்கி வந்து மாற்றினேன். வாசித்துப் பார்த்தால் அம்புட்டு இனிமை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியை மாட்டப் போனேன்.

அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "இருங்க, புது வால்வுக்கும் பொட்டு வைக்கணும்ல?"

"வால்வு சுடும். ஓரமா வை. பிளக்கைப் பிடுங்கிட்டேன், பயப்படாத."

பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். தெரிந்தவன்தான் நான். அந்தச் சத்தத்தின் மயக்கத்தில் மறந்துபோனேன். அவளுடைய ஈர விரல் வழுக்கி அதில் பட்டது. சுவரில் மோதி விழுந்தாள். கொஞ்ச நேரம் கண்ணே திறக்கவில்லை.

திறந்ததும், "பிடுங்கிட்டேன்னுதானே சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் வந்து பார்த்து, "உங்க சம்சாரத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தூக்கத்திலும் அவள் விரல் துடிக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் பெட்டி மூலையில் இருக்கிறது. எழுந்து எழுந்து போய்ப் பிளக்கைப் பார்க்கிறேன். பிடுங்கித்தான் இருக்கிறது. அப்போதும் பிடுங்கித்தான் இருந்தது.