கீழ் ஓரத்துப் பெயர்

லைப்சிக்,
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கேட்டால் அச்சு மிஷின் சத்தத்தைச் சாக்காக வைத்து நழுவிவிடுவீர்கள். அதனால் கடிதம்.

ஜெர்மனியில் ஜனநாயகம் எப்படிச் சர்வாதிகாரமானது என்பதைப் பழைய போஸ்டர், பாட்டு, நாடகம் வழியாக வகுப்பில் படிக்கிறோம். "யூதர் கடையில் வாங்காதே" என்ற போஸ்டரைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று ஆசிரியர் கேட்டார். மற்றவர்கள் கட்சி என்றார்கள், தலைவன் என்றார்கள். நான் அச்சகக்காரர் மகள் என்ற பழக்கதோஷத்தில் கீழ் ஓரத்தைப் பார்த்து அச்சகத்தின் பெயரை வாசித்தேன். கல்யாணப் பத்திரிகையும் அடித்த சாதாரண அச்சகம்தான் அப்பா.

என்னோடு படித்த சாத்தூர் சினேகா ஒரு போஸ்டரைப் படமெடுத்து அனுப்பினாள். "வடமாநிலத்தாருக்கு வீடு கொடுக்காதீர்." அச்சகப் பெயர் இல்லை. ஆனால் வலது ஓரத்தில் நீல மை மற்ற நிறங்களோடு பொருந்தாமல் நூலளவு விலகியிருக்கிறது, நம் ரெண்டாவது மிஷினில் விலகுவது போலவே. நாம் அடித்ததா?

உங்கள் மகள்,
ஆர்த்தி

சிவகாசி,
28.9.2025

அன்பு மகள் ஆர்த்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்.

நாம் அடித்ததுதான். ஆர்டர் கொடுத்தவர்கள் பேர் வேண்டாம் என்றார்கள், போடவில்லை. எல்லாக் கட்சிக்கும் அடிக்கிறோம், எல்லாச் சாமிக்கும் அடிக்கிறோம். வாசித்துப் பார்த்து அடித்தால் கம்பெனி நடக்குமா? உன் கண் மட்டும் மாறவில்லை. மிஷினைச் சரிபார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
கனகசபாபதி

லைப்சிக்,
12.10.2025

அப்பா,

மிஷினைச் சரி செய்தால் எனக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நானும் இங்கே வாடகைக்கு வீடு தேடுகிறேன். என் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான். அந்தக் காலத்து ஜெர்மன்காரன் பெயரையாவது போட்டான்.

ஆர்த்தி

சிவகாசி,
9.11.2025

அன்பு மகள் ஆர்த்திக்கு,

இந்தத் தடவை நீ கீழே 'மகள்' என்று போடவில்லை. கீழ் ஓரம் பார்க்க எனக்கும் தெரியும். அம்மாவிடம் காட்டவில்லை.

அந்தப் போஸ்டர் ஆட்கள் இன்னும் பெரிய ஆர்டரோடு வந்தார்கள். முதல் தடவையாக முழுதும் வாசித்தேன். "உங்க பேரும் நம்ம கம்பெனி பேரும் கீழ வரணும். சம்மதம்னா அடிச்சுத் தாரேன்" என்றேன். "என்ன அண்ணாச்சி, புதுசா கேக்கீக?" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

நேற்று ஆமத்தூரில் ஒரு சுவரில் அதே வாசகம். வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். பேர் இல்லை. நீலம் விலகவில்லை; வேறு யாரோ அடித்திருக்கிறார்கள்.

மிஷினைச் சரிபார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நம் நீலம் விலகியே இருக்கட்டும், உனக்கு அடையாளம் தெரியவேண்டும்.

வீடு கிடைத்ததா என்று எழுது.

உன் அப்பா,
கனகசபாபதி