ரேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ

என் தங்கச்சிக் குஞ்சுக்கு,

நீ போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. உன் மனிசன் சுகமாக இருக்கிறார். அவருக்கென்ன குறை? ஸ்காபரோவில் தமிழ் ரேடியோ கேட்கிற வீடுகளிலெல்லாம் இப்போது அவர் பெயர் தெரியும்.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கென்றே விற்கிறார்களே ஒரு கறுப்பு ரேடியோப் பெட்டி, அதைச் சாப்பாட்டு மேசையில் நீ இருந்து சாப்பிடுகிற இடத்தில் வைத்திருக்கிறார். பக்கத்தில் கோட்லெஸ் போன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே நம்பரை அழுத்தத் தொடங்கிவிடுவார். அரசியல், சமையல், பிள்ளை வளர்ப்பு, எதையும் விடமாட்டார். பிள்ளை வளர்ப்பு! "பிள்ளையளோடை மனம்விட்டுக் கதைக்கோணும்" என்று அவர் முழங்கும்போது உன் மகள் மது கணக்குக் கொப்பியோடு முன்னால் நிற்பாள். முகத்தில் மொய்க்கிற இலையானைக் கலைப்பதுபோலக் கையை வீசுவார்.

அவளுடைய பிறந்தநாள் கூத்தைக் கேள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. ஐயா ரேடியோவில் வாழ்த்துச் சொல்ல லைனில் நிற்கிறார். லைன் கிடைத்ததும் பெட்டி கூவத் தொடங்கியது. "அண்ணை, ரேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்றார் அறிவிப்பாளர். இவர் பெட்டியை நிற்பாட்டிவிட்டு, போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரெல்லாம் அந்த வாழ்த்தைக் கேட்டது. மது கேட்கவில்லை. மெழுகு உருகிக் கேக்கில் வழிந்தது.

வெளியே வந்து என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "மச்சாள், ஆராவது ரெக்கோட் பண்ணியிருப்பினமோ?"

இந்த மனிதரை நீ எப்படியடி இவ்வளவு காலம் பொறுத்தாய்?

போன சனிக்கிழமை மதுவை வோபர்னில் என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பின்னேரம் கூட்டிப்போக வருவதாகச் சொன்னவர், இருட்டியும் வரவில்லை. மது கோட்டும் பூட்ஸும் போட்டபடி தகப்பனுக்குப் போன் எடுத்தாள். எங்கேஜ். திரும்ப எடுத்தாள். அப்போதும் எங்கேஜ்.

பிறகு எழும்பிப் போய் என் ரேடியோவைக் குறைத்தாள். தகப்பன் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடமான வேறொரு நம்பரை அழுத்தினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"பாட்டு ஒண்டும் வேண்டாம், அங்கிள். எங்கடை அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போக வரச்சொல்லுங்கோ."

அவள் போனை வைத்ததும் ரேடியோவைக் கூட்டினேன். அடுத்த நேயர் யார்? அவரேதான்.

"இப்ப கதைச்சது என்ரை மகள்! கனடாவிலை வளந்தும் எவ்வளவு வடிவாய்த் தமிழ் கதைக்கிறாள், பாத்தியளோ? எல்லாம் வளத்த வளப்பு."

மது என் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மா, அப்பா வாறாராமோ?"

பூட்ஸை நான்தான் கழற்றிவிட்டேன். அன்றைக்கு அவள் என்னோடுதான் படுத்தாள். இனியும் என்னோடுதான் இருப்பாள். வேண்டுமென்றால் அதையும் அவர் ரேடியோவில் முறையிடட்டும்.

உன் முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. ரேடியோவில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி வாசிக்கப் போகிறாராம். வாசிக்கட்டும், அழட்டும். அந்த நேரத்தில் நான் பெட்டியை நிற்பாட்டிவிட்டு மதுவுக்கு முன்னால் இருப்பேன். உன்னைப் பற்றி அவள் என்ன கேட்டாலும், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

மதுவை இனிப் பார்த்துக்கொள்ளும்,
உன் அக்கா