தம்பின் லைனில் வந்த குரல்

இன்று காலை தொலைபேசி இலாகா ஆட்கள் வந்து வீட்டில் போன் வைத்துவிட்டுப் போனார்கள். எடுத்துக் காதில் வைத்தேன். ஊங் என்று ஒரே ஓசை. கண்ணை மூடினால், அன்று எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து வேலை பார்த்தபோது போலவே பக்கத்து நாற்காலியில் நீ. போய்ச் சேர்ந்தவள் எப்படியடி இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்?

ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு காஜா பெராங்கில் இருந்த வீட்டிலிருந்து டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடப்போம். பாதி தூக்கத்தில் நடப்பது போலவே இருக்கும். வேலையில் ஹலோவுக்கு 'மொஷி மொஷி', ஆமாம் என்பதற்கு 'ஹை'. வேறு பேச்சு வரக்கூடாது. முதுகுக்குப் பின்னால் ஜப்பான் அதிகாரி நிற்பான், பாவி.

சந்தைக்குப் போன என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில்பாதை வேலைக்கென்று லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனில் வைத்திருப்பதாகக் கேள்வி. அழுதுகொண்டே வேலை செய்தேன். "ஈரக் கையோட பிளக்கைத் தொடாதடி," என்று அதட்டினாய். அதிகாரி வெளியே போன நேரம், நாம் குரலால் மட்டுமே அறிந்த தம்பின் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "அபாங், தோலோங்லா," அண்ணே, உதவுங்கள் என்று மலாயில் கெஞ்சினாய். புண்ணியவான், ஸ்டேஷன் போனில் என் வீட்டுக்காரரைப் பேசவைக்க ஓடினார்.

தம்பின் லைன் திரும்ப வந்தபோது அதிகாரியும் திரும்பி வந்துவிட்டான். நீ கண்ணைக் காட்டினாய்.

"மொஷி மொஷி."

"நீயா புள்ள?"

ஐயோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் அவர் குரல்!

"ஹை."

"சாப்டியா?"

"ஹை."

"நான் வரலேன்னா தனியா கெடக்காத. நல்லவனாப் பாத்துக் கட்டிக்க. சரின்னு சொல்லு."

மாட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. பின்னால் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

"ஹை," என்றேன்.

அதே லைனில் நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவர் வரவில்லை. சண்டை முடிந்து வெகுநாள் கழித்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். நீ விட்டாயா? "வாக்குக் குடுத்திருக்க. என் காதால கேட்டேன்," என்று மல்லுக்கு நின்றாய். இந்த வீடும் பிள்ளைகளும் அப்படி மறுபடி கட்டிக்கொண்டதில் வந்தவைதான். மனசார சொல்லவில்லையே என்று நான் உருகும்போதெல்லாம், "அது அவருக்குத் தெரியாதுடி. நிம்மதியாத்தான் போனை வச்சாரு," என்பாய்.

அவர் முகம் எனக்கு மங்கிவிட்டது. குரல் மட்டும் இருக்கிறது. சில நாள் அதுவும் நானாகக் கற்பனை செய்ததோ என்று பயம் வரும். அப்போதெல்லாம், அதைக் கூடவே கேட்ட உன்னிடம் ஓடி வருவேன். இனி யாரைப் போய்க் கேட்பேனடி?