ஏழாவது கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பூட்டிவிட்டுப் போனார்கள். எட்டே காலுக்கு மகன், எட்டரைக்கு மருமகள். இன்றோடு பத்தொன்பது நாள்.

பிப்ரவரி பன்னிரண்டு, வியாழன். முதியோர் எழுத்தறிவு வகுப்பிலிருந்து ஆறு பேர், தெருவிளக்கு கேட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனோம். மனு என் கையெழுத்தில்தான். அதிகாரி வரக் காத்திருந்ததில் வீடு திரும்ப ஏழரை ஆகிவிட்டது. அதற்குள் மகன் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறான்.

"வழி மறந்துட்டியாம்மா?"

"மனு குடுக்கப் போனேன்டா."

"சரி சரி, உள்ள வா." காய்ச்சல் கண்டு உளறுகிறவளுக்குச் சொல்வது போலச் சொன்னான். மறுநாளே பூட்டு. என் நல்லதுக்குத்தானாம்.

மார்ச் 5, வியாழன்

தையல்காரி வந்தாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"அக்கா, எப்படி இருக்க?"

"பெட்டியில வச்ச பட்டுப்புடவை மாதிரி இருக்கேன் போ."

வீட்டுப்பாடத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கல்லூரியிலிருந்து ஒரு பெண் ஆய்வுக்கு வருகிறாளாம். வயசான பிறகு படித்தவர்கள் ஊர்க் காரியத்துக்கு வருகிறார்களா, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறார்களா என்று விசாரிப்பாளாம். பட்டியலில் நானும் உண்டு.

மார்ச் 6, வெள்ளி

விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். என் மனுவுக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆய்வுக்காரப் பெண் வந்தாள். இருபது கேள்வி. மருமகள் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், என்னைக் கேளுங்க" என்றாள். என் காதா மந்தம்? கல்யாணமாகி வந்த நாலாம் நாள், தன் அம்மாவிடம் போனில், "கிழவி நான் போடுற சர்க்கரையக்கூட எண்ணுதும்மா" என்று கிசுகிசுத்தாளே, பதினோரு வருஷமாகியும் அது இன்னும் கேட்கிறது.

ஏழாவது கேள்வி: நினைத்தபோது வெளியே போக முடிகிறதா?

"தாராளமா போவாங்க. இப்ப முட்டிவலி, அதனால வகுப்ப அவங்களே நிறுத்திட்டாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

தலையாட்டினேன். ஆட்டினேனே, பாவி! ஏன் ஆட்டினேன்? மகன் வாசல்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் பயம். இந்த வீட்டை விட்டால் எனக்கு எந்த வீடு?

மார்ச் 9, திங்கள்

யார் யார் என்ன சொன்னார்கள், எந்த நாளில், என்ன புடவையில் நின்று சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. ஒருத்தரையும் மன்னித்ததில்லை. நேற்றிலிருந்து அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

மார்ச் 12, வியாழன்

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரி சொன்னாள்: பதிலையெல்லாம் அச்சடித்துத் திரும்பக் கொண்டுவருவார்களாம். நாமே படித்துப் பார்த்து, சரியென்றால்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுதான் அவர்கள் வழக்கமாம்.

"படிக்காம போட்டுடாதக்கா."

"படிக்காம போடறதுக்கா மூணு வருஷம் படிச்சேன்?"

மார்ச் 15, ஞாயிறு

காகிதம் வந்தது.

"தப்பா இருந்தா அடிச்சு மாத்துங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"குடுங்க அத்தை, நான் படிச்சுச் சொல்றேன்."

கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டி, சத்தமாக, முதல் வரியிலிருந்து படித்தேன். டீயில் ஆடை படிந்தது. மருமகள் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். ஏழாவது வந்தது.

"கண்ணு, பேனா குடு."

இருந்த பதிலை அடித்தேன். மேலே எழுதினேன், எழுத எழுதவே வாசித்தேன்: பிப்ரவரி 13 முதல் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். எனக்கு முட்டிவலி இல்லை.

கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பெண் காகிதத்தை வாங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மருமகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"வெளியாள் முன்னாடி இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றான் மகன்.

"இதுல எது பொய்யின்னு சொல்லுடா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 16, திங்கள்

இன்றும் பூட்டு. பேச்சில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எட்டே கால். எட்டரை. பூட்டுகிற சத்தமே வரவில்லை. மறந்துவிட்டாளோ? பத்து மணி வரை கதவுப் பக்கமே நான் போகவில்லை. பிறகு திறந்து பார்த்தேன், திறந்தது. மூன்று படி இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. என்னவோ போலிருந்தது. திரும்பி வந்து, நானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

வகுப்புக்குப் போனேன். ஆறரைக்குத் திரும்பினேன். மகன் கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனான். நானே சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

வைராக்கியத்தில் என் பிள்ளைதான். எட்டு வயசில், குடையைத் தொலைத்ததற்கு அடித்தேன் என்று ஒன்பது நாள் என்னோடு பேசாமல் இருந்தவன். இன்று நாலாவது நாள்.