யோகமக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டும்

பலெர்மோ, இத்தாலி. வியாழக்கிழமை இரவு

இந்த வாரம் முழுவதும் எனக்குச் சபை தந்த வேலை, வீடு வீடாகப் போய்த் தமிழரை ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பது. இன்று சீசா என்ற பகுதியில் ஒரு கதவைத் தட்டினேன். யோகமக்கா திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சைவம்.

"பிள்ளை, உமக்கு இத்தாலியன் தெரியுமே? என்ர மனுசனுக்கு நெஞ்சு நோகுதாம்."

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்களோடு நானும் ஏறினேன். டாக்டர் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அக்காவுக்குச் சொன்னேன்: இருதயத்தில் அடைப்பு, காலையில் ஒப்பரேஷன்.

அக்கா அழவில்லை. "நான் முருகனைக் கும்பிடுறன். நீர் உம்மட ஆண்டவரிட்டைக் கேளும். ஆர் காப்பாத்தினாலும் சரி," என்றார்.

நாளையும் அக்காவுக்கு மொழிபெயர்க்கப் போவதாகச் சபைக்குத் திரும்பிச் சொன்னேன். பாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்குக் கூட்டம். உம்மை விட்டால் பாட ஆர் இருக்கினம்?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறன், பாஸ்டர்."

அவர் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். அது மனதை அரிக்கிறது. ஆனாலும் போவேன்.

இப்போது போனில் இத்தாலியச் சொற்களைத் தேடிப் படிக்கிறேன். மயக்க மருந்து, இரத்தம், தையல். 'தப்பிவிட்டார்' என்பதை டாக்டர் எப்படிச் சொல்வார் என்று பார்த்தேன். பிறகு மற்றதையும் பார்த்து வைத்தேன்.