பட்டப்பெயரோடு போன கணக்குத் தாள்

என் ஆசை ரெஜினாக்காவுக்கு,

நீ இல்லாமல் வந்த முதல் தீபாவளி யாவாரம் முடிந்தது. மில்லைக் கழுவிவிட்டு, மிளகாய்த் தூள் மூக்கில் ஏறித் தும்மி ஓய்ந்து, இப்போதுதான் உட்கார்ந்தேன். உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு எதுவும் முடிந்த மாதிரியே இருப்பதில்லை.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மசாலா மில்லில் கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்தாச்சு. சிரிக்காதே அக்கா. நீ பில் எழுதுகிற மேசையில்தான் இருக்கிறது, மஞ்சள் தூள் படாமல் உன் பழைய சீலையால் மூடி வைத்திருக்கிறேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். பிரிண்டர் போடுகிற சத்தத்துக்கு நம் அரைக்கிற மெஷினே தேவலாம். இந்த எண்பதுகளில் ஈப்போவிலே பெரிய கம்பெனிகளே இப்போதுதான் வாங்குகிறார்கள், கறித்தூள் அரைக்கிறவளுக்கு எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை.

எதற்கென்றால், உன்னால்தான். உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. யாருக்கு என்ன சரக்கு, யார் பாக்கி என்று எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். போன் அடிக்கும். "முனியாண்டி பேசுறேன், போன தடவை மாதிரியே அனுப்பிடுங்க" என்பார்கள். எந்த முனியாண்டி? போன தடவை என்ன? எஸ்டேட் கடை இருக்கிற ஊருக்கெல்லாம் ஒரு முனியாண்டி இருக்கிறார், ஒரு லெட்சுமி இருக்கிறார். நீ குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாய். நான் மீன் மசாலா கேட்டவருக்கு இறைச்சி மசாலாவை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தான் நீ போனதிலிருந்து மில் பக்கமே வரவில்லை. "அந்த வாசம் அடிச்சா அவ ஞாபகம் வருது பிலோ. வித்துருவோம்லா" என்றார். மெங்லெம்புவிலிருந்து ஒரு சீன முதலாளி, ஒரு தவுக்கே, வந்து மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனார். லைசென்சு அத்தான் பேரில் இருக்கிறது, நான் என்ன பேச முடியும்? தீபாவளி வரைக்கும் விடுங்கள் என்று கெஞ்சினேன். "சரி. தாப்பா கடையும் பாகான் டத்தோ கடையும் நம்மகிட்டயே நின்னா வச்சுக்குவோம். அவங்க போயிட்டா வித்துருவோம்" என்றார். நம் சரக்கில் பாதி அந்த இரண்டு இடத்துக்குத்தான் போகிறது, அதனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மில்லை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது, நீயே சொல்.

அதனால்தான் சீட்டுப் பணத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். கடையிலிருந்து மிஸ் வோங் என்று ஒரு சீனப் பெண் வந்து சொல்லிக் கொடுத்தாள். நல்லவள், என் பெரிய விரல் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அமுக்கினாலும் திட்ட மாட்டாள். வாடிக்கைக்காரர் பேரையெல்லாம் ஏற்றச் சொன்னாள். நான் முனியாண்டி என்று அடித்தேன். அடுத்தவருக்கும் முனியாண்டி என்று அடித்தேன். "நாமா தாக் போலே சாமா" என்று தலையை ஆட்டினாள். ஒரே பேர் இரண்டு தடவை வரக் கூடாதாம்.

பிறகு என்ன செய்வது? நீ வைத்த பேர்தான் எனக்குத் தெரியும். ஆர்டரைச் சொல்லும்போது இரண்டு பேரும் அப்படித்தானே பேசிக்கொள்வோம்? தாப்பா போத்தாக், சுங்கை மீசை, வாயாடி மேரி, உம்மணாமூஞ்சி லெட்சுமி. எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக ஏற்றிவிட்டேன். எனக்கு ஒரே நிம்மதி. போன் வந்ததும் எந்த ஊர் என்று கேட்டு, பேரை அடித்தால் போதும், போன தடவை வாங்கின சரக்கு பச்சையாக வந்து நிற்கும். நீயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது.

மாசக் கடைசியில் மிஸ் வோங் ஒரு பொத்தானைக் காட்டினாள். அமுக்கினால் ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனித் தாளில் அச்சாகி வரும். வந்தது. மடித்து, கண்ணாடி வைத்த உறையில் போட்டு, கையோடு தபாலில் சேர்த்துவிட்டு வந்து மைலோ கலக்கிக் குடித்தேன். தாளின் தலைப்பில் என்ன பேர் அச்சாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடி வழியாகத் தபால்காரர்கூடப் படிக்கலாம்!

முதல் போன் பாகான் டத்தோவிலிருந்து வந்தது. "யாரு வாயாடி? நானா வாயாடி?" என்று மேரியக்கா ஆரம்பித்தார். தான் அதிகம் பேசாதவள் என்பதை எனக்குப் புரியவைக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் அவரே சிரித்துவிட்டார், தீபாவளி ஆர்டரையும் சொன்னார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

தாப்பாவிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தீபாவளி கிட்டே வந்துகொண்டிருந்தது. மற்ற கடைக்கெல்லாம் மூட்டை ஏறிற்று, போத்தாக் முனியாண்டி போன் அடிக்கவில்லை. மலாயில் மொட்டை என்று எழுதி அனுப்பினால் எந்த மனிதருக்குத்தான் ரோஷம் வராது? மில் போய்விட்டது என்றே நினைத்தேன். உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதேன்.

மறுநாள் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம் என்று, அன்று காலையில் அரைத்த கறித்தூளில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டேன். தாப்பாவில் இறங்கிக் கடைக்குப் போனால், மனிதர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், தலை பளபளவென்று. நான் வாயைத் திறப்பதற்குள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். "அக்கா இருந்தப்ப தீபாவளிக்கு முன்ன ஒரு வாட்டி வந்து, புதுசா அரைச்ச தூளைக் கையில குடுப்பாங்க. மோந்து பாத்துட்டுத்தான் ஆர்டர் சொல்வேன். இந்த வருசம் கடுதாசி மட்டும் வருது. அதையும் மோந்து பாத்தேன், மை வாசம்தான் அடிக்குது. யாராச்சும் வருவீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

நான் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "அந்தப் பேரை மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன்.

"எந்தப் பேரு? போத்தாக்கா? அக்கா நேராவே அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. தபால்காரன்தான் சிரிச்சான். முடி இருக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்லா."

உன் வாய்க்கு அடங்காதவர் பேராக்கிலேயே கிடையாது போல! நேராகவே கூப்பிடுவாயா? தீபாவளிக்கு முன்னால் நீ பை நிறையப் பொட்டலத்தோடு பஸ் ஏறுவாய், கொடுத்துவிட்டு அரட்டையடிக்கப் போகிறாய் என்றுதான் மெஷினுக்குப் பின்னால் இருந்து நான் நினைத்துக்கொள்வேன். யாவாரமே அங்கேதான் நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

போன வருசத்தை விட இரண்டு மூட்டை கூடச் சொல்லித்தான் அனுப்பினார். அடுத்த நாளிலிருந்து எல்லாக் கடைக்கும் பொட்டலத்தோடு போனேன். பேரையெல்லாம் மிஸ் வோங் திருத்திக் கொடுத்தாள். பட்டப்பெயர் இப்போது திரையில் மட்டும் தெரியும், தாளில் வராது. போத்தாக் அண்ணனுக்கு மட்டும் வரும், அவரே கேட்டுக்கொண்டார்.

இன்று காலையில் மெங்லெம்பு தவுக்கே மறுபடியும் வந்தார். அவர் வந்த நேரம் பார்த்து அத்தானும் வாசலில் நின்றார். நீ போன பிறகு முதல் தடவை, அக்கா. உள்ளே வந்து தும்மினார், கண்ணைத் துடைத்தார், மல்லி வறுக்கிற சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தவுக்கே அவரிடம் விலை கேட்டார். அத்தான் என்னைக் கை காட்டி, "தான்யா தியா. தியா தவுக்கே" என்றார். அவளைக் கேளுங்கள், அவள்தான் முதலாளி என்று!

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்கிற மாதிரி, விற்க மாட்டேன் என்று கத்தினேன்.

கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும். வருகிற ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் தூளை நானே கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஒரு கடை விடாமல். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னை எந்நேரமும் நினைக்கிற தங்கச்சி,
பிலோமினா