இரண்டாவது வரிசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு, தூக்கம், என்னை விரட்டுவது எதிலும் குறைவில்லை. கண்தான் அநேகமாகப் போய்விட்டது. காகிதங்களைத் தடவித்தான் எடுக்கிறார்.

பாடப்புத்தகங்களுக்குப் படம் வரையும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி வேறு ஊரில் போய்ச் சேர வேண்டும். "தாராளமா போம்மா, புத்தகம் முடியட்டும்" என்றார் அப்பா. பதினோரு வருடமாக இதே பதில்தான்.

நான் படம் வரைந்து தரும் அவருடைய செடிப் புத்தகம் ஏன் முடியவில்லை என்று உனக்குத் தெரியாது. அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பேரினத்தில் ஒன்று நம் வாசலிலேயே முளைக்கும். வெள்ளைப் பூ, தண்டில் ஒரே வரிசை ரோமம், கணுவுக்குக் கணு அது பக்கம் மாறும். அம்மா இறந்த வருடம் அவர் பறித்து வந்த ஒன்றில் மட்டும் இரண்டு வரிசை. புது இனம் என்று அம்மாவின் பெயரையே வைத்தார். இன்னொன்று கிடைத்தால்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று அன்றிலிருந்து பிடிவாதம்.

அண்ணா, அந்த இரண்டாவது வரிசை என் படத்தில் மட்டும்தான் இருந்தது. அழுத்தி உலர்த்தியதில் தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரோமம் தெரிய, இரண்டையும் வரைந்துவிட்டேன். அப்போதே கண் மங்கியிருந்த அப்பா என் படத்தை நம்பித்தான் எழுதினார். மறு வருடம் எனக்கே தப்பு தெரிந்தது. அதற்குள் அம்மாவின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, சொல்ல வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. ஓடையோரம் முளைத்திருந்த அதே வாசல் களையை வேரோடு பிடுங்கி வந்து, லென்ஸில் பார்த்து, "ரெண்டு வரிசைப்பா" என்றேன். இனிப் பெட்டி கட்டலாம் என்று நினைத்தேன். அப்பா அழுதேவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தொட்டியில நடும்மா. பூ, காய், விதை எல்லாம் நீதான் வரையணும். ரெண்டு வருஷம் போதும்" என்றார்.

இப்போது தொட்டியில் நட்ட அந்த வாசல் களைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அதனிடம் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று கேட்க நான் அங்கே நிற்பதில்லை.

ஒன்றாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. லென்ஸை வாங்கிப் பார்த்து, ஒரு வரிசைதான் என்று நீ சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார். தொட்டிக்கு முன்னால் நின்றதும் உனக்கும் வாய் வரவில்லையென்றால் நான் திட்ட மாட்டேன். பென்சிலை மட்டும் உன் கையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

பத்திரமாக வா, அண்ணா.

உன் தங்கை